லிபென் சமவெளி

தெற்கு எத்தியோப்பியாவில் நெகெலே நகருக்கு அருகிலுள்ள புல்வெளி. 1968-இல் இங்கு முதன்முதலாகச் சேகரிக்கப்பட்டு 1975-இல் அறிவியலுக்கு அறிமுகமான லிபென் வானம்பாடி, உயரப் புல்லின் மறைவில் தரையில் கூடு கட்டும். இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. போரானா மேய்ப்பர்களின் மாடுகளை வெளியேற்றினால் பறவை பிழைத்துவிடும் என்பது அரைகுறைக் கணிப்பு. உழவு புல்வெளியை விழுங்கியது, தீயிடும் வழக்கம் தடைபட்டதும் முட்புதர் பரவியது. மிஞ்சிய துண்டு நிலத்தில்தான் மேய்ச்சல் அளவு மீறியது. புல் மீண்டும் உயர அதில் ஒரு பகுதிக்கு வேலியிட்டால் மேய்ப்பர்களுக்கு நட்டமாகாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் ‘கல்லோ’ எனும் ஒதுக்குமேய்ச்சல் நிலம் அவர்களுடைய பழைய ஏற்பாடு: மழைக்காலத்தில் புல்லை வளரவிட்டு, வறட்சியில் கன்றுகளுக்கும் நலிந்த மாடுகளுக்கும் திறந்துவிடுவார்கள். வானம்பாடிக்கு வேண்டியதும் அதே உயரப் புல்தான். எனவே மாடுகளை விரட்டுவதைவிட, புதரை வெட்டிக் கல்லோக்களைப் பெருக்குவதே பயன்தரும் வழி.