கடல்கட்டி வாங்கிய கூலி

முத்து என்றால் நமக்குக் கொற்கை நினைவுக்கு வருகிறது. பாண்டியன் புகழ் நினைவுக்கு வருகிறது. அந்த முத்தைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவன் யார், அவன் எதற்கு அஞ்சினான், அவனது அச்சத்தை விலையாக்கி வாழ்ந்தவர் யார் என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. இன்று கேட்போம்.

கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, கடலுக்குள் இறங்குகிறான் ஒருவன். அவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு மேலே வரவேண்டும். கையில் படைக்கலன் இல்லை. உடலில் காப்பு இல்லை. எதிரே சுறா வந்தால் என் செய்வான்? அவன் அஞ்சியதில் வியப்பில்லை. அதை எள்ளி நகையாட நாம் வரவில்லை. அஞ்சியது மனித இயல்பு. அந்த அச்சத்தைக் காசாக்கியதுதான் கயமை.

கடலை அண்டி வாழ்ந்தவன் சுறாவை எண்ணி நடுங்கியது நேற்றுத் தொடங்கியதன்று. சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. அச்சம் வழிபாடாயிற்று. அந்த வழிபாட்டுக்கு இடைத்தரகன் இருந்ததாக அங்கே செய்தி இல்லை. அவன் பின்னர் வந்தான்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ அவனைக் குறித்து எழுதியிருக்கிறான். முத்தெடுக்கும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தனர். மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்போருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர். மந்திரக்காரர்களுக்கு அவன் தரும் பெயர் பார்ப்பனரைக் குறிப்பது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவன் கூறும் இன்னொரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. மந்திரம் பகலில் மட்டுமே பலிக்கும். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம்!

ஏன் அவிழ்க்க வேண்டும்? காக்கும் ஆற்றல் உண்டெனில் இரவும் காத்தால் என்ன? விடை எளிது. இரவில் ஏழை ஒருவன் தானாகக் கடலில் இறங்கி நான்கு சிப்பி எடுத்துவிடக் கூடாது. பகலில் சுறாவின் வாய்க்குப் பூட்டு. இரவில் கடலுக்கே பூட்டு. இரண்டு பூட்டுக்கும் சாவி ஒருவன் கையில்!

தமிழில் இவனுக்குக் கடல்கட்டி என்று பெயர். கடலையே கட்டுபவன் என்பது பொருள். 1797-ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பை விரித்தெழுதிய லெபெக் என்பார், இவன் திறமைக்கு ஒரு சான்று தருகிறார். குளித்தவன் ஒருவனின் காலைச் சுறா கவ்விக்கொண்டு போயிற்று. கடல்கட்டியை அழைத்து விளக்கம் கேட்டனர். அவன் தயங்கினானா? இல்லை. கொல்லத்திலிருந்து கிழச் சூனியக்காரி ஒருத்தி வந்து தன் மந்திரத்தை முறித்துவிட்டாள் என்றான்! சுறா கடிக்காவிட்டால் மந்திரத்தின் வெற்றி. கடித்துவிட்டால் எதிர்மந்திரத்தின் வேலை. இந்த வழக்கில் மந்திரம் எப்போது தோற்கும்? தோற்கவே தோற்காது. தோற்க முடியாத கொள்கைக்கு மெய்ப்பிக்கவும் முடியாது என்பதைப் பகுத்தறிவாளர் மறத்தலாகாது.

1803-இல் நூல் வெளியிட்ட பெர்சிவல், கரையில் நின்று மந்திரம் ஓதியோரைக் காட்டுகிறார். தோணிகள் திரும்பும்வரை அவர்கள் உண்ணலாகாது, பருகலாகாது என்பது விதி. ஆனால் நிற்கவும் இயலாத அளவுக்குச் சிலர் கள் பருகிவிடுவராம். கடலுக்குள் ஒருவன் மூச்சுக்குப் போராடுகிறான். கரையில் அவன் காவலன் கள்ளுக்குப் போராடுகிறான்!

மதம் மாறினால் இது மாறிற்றா? 1859-இல் இலங்கை வரலாறு எழுதிய எமர்சன் டென்னன்ட் காலத்தில் கடல்கட்டிக் குடும்பத் தலைவன் கத்தோலிக்கன். டென்னன்ட் சென்றபோது அவன் நோயுற்றிருந்தான். மாற்றாள் ஒருவனை அனுப்பியிருந்தான். தனக்கு மந்திரம் தெரியாது, ஆயினும் தலைவனின் பேராளாகத் தான் வந்திருப்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்று அம்மாற்றாள் உறுதி கூறினான்! மதம் மாறிற்று, கூலி மாறவில்லை.

வெள்ளையர் ஆட்சியாவது இதை ஒழித்ததா? தூத்துக்குடிக் கடல்கட்டிக்கு 1885 வரை அரசே ஊதியம் தந்தது என்கிறார் எட்கர் தர்ஸ்டன். நிறுத்திய காரணத்தையும் சொல்கிறார்: அரசு இத்தகையோருக்குப் பணம் தருவது மடமை, அதோடு, அந்தக் கடல்கட்டிக்கே தன் மந்திரத்தில் நம்பிக்கை இல்லை என்பது வெளிப்பட்டதாம்! விற்பவன் நம்பாத சரக்கை, வாங்கியவன் உயிரைப் பணயம் வைத்து நம்பினான்.

அப்படியானால் சுறா ஏன் பெரும்பாலும் கடிக்கவில்லை? ஆங்கிலேயர் இலங்கையைப் பிடித்த பின் நடந்த முத்துக்குளிப்புகளில், ஐயமற்ற சுறாக்கடி ஒன்றே ஒன்றுதான் என்று டென்னன்ட் எழுதினார். காரணத்தையும் ஊகித்தார்: திரண்ட தோணிகள், ஆட்களின் கூச்சல், ஓயாமல் விழும் கற்கள், ஏறி இறங்கும் கூடைகள். சுறாவை விரட்டியது உழைப்பாளர் எழுப்பிய ஆரவாரம். கூலி வாங்கியது கடல்கட்டியின் முணுமுணுப்பு.

இன்றைய அறிவியல் மேலும் சொல்கிறது. சுறாவில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதரைக் கொன்ற நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா என்னும் மூன்றையே சாரும். யாவற்றினும் பெரிய திமிங்கலச் சுறாவோ நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துண்பது. கலங்கிய நீர், அந்தி நேரம், குருதி கசியும் மீனைக் கையில் வைத்திருத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவற்றை அறிந்து விலகுவதே காப்பு.

2024-இல் தூண்டுதலின்றிச் சுறா மனிதரைக் கடித்த நிகழ்ச்சிகள் உலகம் முழுவதிலும் 47. அவற்றுள் மாண்டோர் 4 பேர் என்று புளோரிடா பல்கலைக்கழகப் பதிவேடு காட்டுகிறது. மறுபுறம், மனிதர் ஓராண்டில் கொல்லும் சுறாக்கள் ஏறத்தாழ 10 கோடி என்று 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. யார் யாருக்கு அஞ்சவேண்டும்?

நீரில் மூழ்கி மட்டும் 2021-இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. முத்துக்குளித்தவனுக்கும் பெரும் பகை சுறாவன்று; அடைபட்ட மூச்சும், நீரழுத்தம் கிழித்த செவிப்பறையும், ஆயிரக்கணக்கானோர் நெருங்கிய கரை முகாமில் பரவிய வாந்திபேதியும்தான். அவற்றைக் கட்ட எந்த மந்திரக்காரனும் வரவில்லை. வந்தால் பொய் ஒரே நாளில் வெளிப்பட்டிருக்கும்! எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டதே, அந்தச் சுறாவின் வாயையும் எவனும் கட்டவில்லை.

தோழர்களே! கடல்கட்டி இன்று இல்லை. அவன் செய்த தொழில் கரையேறி ஊருக்குள் வாழ்கிறது. தேர்வுக்கு அஞ்சும் மாணவனிடம், நோய்க்கு அஞ்சும் தாயிடம், நாளைக்கு அஞ்சும் ஏழையிடம் கயிறும் தகடும் விற்கப்படுகின்றன. அஞ்சுகிறவனைப் பழிக்காதீர், அவன் நம்மவன். அவனருகில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீ அஞ்சுவது உண்மையில் எவ்வளவு பெரிது? அதைத் தடுக்கும் வழி எது? உன் அச்சத்துக்குக் கூலி வாங்குகிறவன் யார்?

மூன்றாம் கேள்விக்கு விடை தெரிந்த நாளில், அவன் எந்தக் கடலிலும் துணிந்து இறங்குவான்.