வட்டத்துக்குள் ஒரு புள்ளி: புதையல் வேட்டை விளையாட்டின் கதை



புதையல் வேட்டை என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு கல்லூரி கல்ச்சுரல்ஸில் நடத்தும் 'ட்ரெஷர் ஹண்ட்' ஞாபகத்துக்கு வரும். ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு விடுகதை, அதை அவிழ்த்தால் கேன்டீனுக்குப் பின்னால் அடுத்த சீட்டு... கடைசியில் ஒரு டப்பா சாக்லேட். இதையே மரம் செடி உள்ள இடத்துக்குக் கொண்டு போய், அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து வழிநெடுகப் புதிர்களை அவிழ்த்துக்கொண்டே நடப்பது வெளிநாடுகளில் விடுமுறைப் பொழுதுபோக்கு. நம் பக்கமும் சம்மர் கேம்ப்களில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி நம் சென்னையில் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் நம் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்றார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

பாட்டிலில் தொடங்கியது

ஒளித்து வைத்த பொருளைத் தேடி நடக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே டார்ட்மூர் என்று ஒரு பரந்த பொட்டல் வெளி. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற யாரும் எளிதில் போக முடியாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பரிசு எதுவும் கிடையாது. 'நானும் இங்கே வந்தேன்' என்ற பெருமை மட்டும்தான். பின்னால் அது 'லெட்டர்பாக்ஸிங்' என்ற விளையாட்டாக வளர்ந்தது.

இதில் தேடுவது இருக்கிறது. வழியில் இருக்கும் புதிர்கள் எங்கிருந்து வந்தன? அதற்கு நாம் ஒரு ராணுவ அதிகாரியைப் பார்க்க வேண்டும்.

உளவு வேலை விளையாட்டான கதை

பேடன் பவல். பள்ளியில் சாரணர் படையில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடமாக இருக்கும். 1876-ல் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். பிறகு ஆப்பிரிக்காவில் போர். மறுபடியும் 1897-ல் இந்தியா. மண்ணில் பதிந்த கால்தடத்தையும், மிதிபட்ட புல்லையும் பார்த்து, யார் போனார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்று கண்டுபிடிக்கும் வித்தையைத் தன் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதையே 1899-ல் ராணுவத்துக்கான சின்னப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தை இங்கிலாந்தில் சின்னப் பையன்களும் ஆசிரியர்களும் வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் பையன்களுக்காகவே எழுதிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். பணக்காரப் பள்ளிப் பையன்களும் தொழிலாளி வீட்டுப் பையன்களும் ஒரே கூடாரத்தில் கலந்து இருந்தார்கள். அடுத்த வருடமே, 1908-ல், 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வந்தது. உலகம் முழுக்கச் சாரணர் இயக்கம் பரவியது.

அவர்கள் பயன்படுத்திய பாதைக் குறிகள்தான் இன்றைய புதிர்ப் பாதைகளுக்கு ஒரு முன்னோடி. சாம்பிளுக்குச் சில:

பெரிய கல் மேல் சின்னக் கல் = இதுதான் வழி.
அதற்கு வலது பக்கம் இன்னொரு கல் = வலப்பக்கம் திரும்பு.
பெருக்கல் குறி = இந்தப் பக்கம் போகாதே.
கட்டத்துக்குள் 3, பக்கத்தில் ஓர் அம்பு = அந்தத் திசையில் மூன்று எட்டு தள்ளி ஒரு கடிதம் ஒளிந்திருக்கிறது.
வட்டத்துக்குள் ஒரு புள்ளி = ஆட்டம் முடிந்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பேனா, பேப்பர், பணம் எதுவும் வேண்டாம். கல்லும் குச்சியும் போதும். முன்னால் போகிறவர்கள் குறி வைத்துக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொண்டே வருவார்கள்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒரு தட்டில் பல பொருள்களை வைத்து ஒரு நிமிடம் பார்க்கவிட்டு மூடிவிடுவார்கள். எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று எழுத வேண்டும். நம் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள்களில்கூட விளையாடியிருப்போம். இதற்கு 'கிம் விளையாட்டு' என்று பெயர். ரட்யார்ட் கிப்ளிங் 1901-ல் எழுதிய 'கிம்' நாவலில், சிம்லாவில் ஒரு கடையில் அந்தப் பையனுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். அதாவது, கதை நடப்பது இந்தியாவில். பேடன் பவல் ராணுவத்தில் வேலை பழகியதும் இந்தியாவில்தான்.

ஆனால் இந்தியப் பையன்களுக்கு?

"உங்களுக்கு இடம் இல்லை"

இந்தியாவில் முதல் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் ஆரம்பமானது. நடத்தியவர் கேப்டன் பேக்கர் என்ற ஆங்கிலேயர். அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் மட்டும்தான். இந்தியப் பையன்களுக்கு அனுமதி கிடையாது. தடம் பார்ப்பது, சைகையில் செய்தி அனுப்புவது, ரகசியக் கடிதத்தை மறைத்து வைப்பது... இதையெல்லாம் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு நமக்கு எதிராகவே திரும்பிவிடுவார்களே என்ற பயம் அரசாங்கத்துக்கு.

யோசித்துப் பாருங்கள். அடுக்கி வைத்த நாலு கல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பத்து வயதுப் பையனைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது!

இந்தக் கதவைத் தட்டியவர்களில் முக்கியமானவர் அன்னி பெசன்ட் அம்மையார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர், ஹோம் ரூல் இயக்கம் நடத்தியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 'எங்களைச் சேர்க்காவிட்டால் போங்கள், நாங்களே ஆரம்பித்துக்கொள்கிறோம்' என்பது போல, 1916-17 வாக்கில் ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை அவர் தொடங்கினார். இங்கிலாந்துத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. குறிகளும் முகாமும் அதேதான்.

அந்தச் சமயத்தில்தான், 1917 ஜூனில், அரசு அவரையும் அருண்டேலையும் பி.பி.வாடியாவையும் ஊட்டியில் காவலில் வைத்தது. காரணம் ஹோம் ரூல் அரசியல். எதிர்ப்பு வலுக்கவே செப்டம்பரில் விடுவித்தார்கள். வடக்கே 1918-ல் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

1921-ல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தார். இத்தனை இந்தியப் பையன்கள் ஏற்கெனவே சீருடையில் நிற்கும்போது இன்னும் எப்படி மறுக்க முடியும்? பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. கதவு திறந்தது. 1932-ல் சாரணர் இயக்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் விருது பெசன்ட்டுக்குக் கிடைத்தது. சேவா சமிதி மட்டும் அப்போது இணையவில்லை. பல பிரிவுகளாக இருந்த சங்கங்கள் சுதந்திரத்துக்குப் பிறகுதான், 1950 நவம்பர் 7 அன்று, பாரத சாரணர் இயக்கமாக ஒன்று சேர்ந்தன. 1951 ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். இன்று அரசுப் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளை சுண்ணாம்புக் கட்டியால் அம்புக்குறி போட்டு விளையாடுகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை போராட்டம் இருக்கிறது.

புதையல் பெரிதானால்...

2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் மாதிரி சாமான்கள். 'ஜியோகேஷிங்' என்று உலகம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக விளையாடும் விளையாட்டு அந்த வாளியில் பிறந்ததுதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. அதே அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் என்ற கலைப்பொருள் வியாபாரி தங்கமும் நகையும் நிறைந்த பெட்டியை ராக்கி மலைகளில் ஒளித்து வைத்துவிட்டு, 2010-ல் புதிரைக் கவிதையாக வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். சிலர் வேலையை விட்டார்கள். தேடப் போன ஐந்து பேராவது உயிரை விட்டார்கள். 2020-ல் பெட்டி கிடைத்ததும் வழக்கு மேல் வழக்கு. புதிர் என்னவோ அதே மாதிரிப் புதிர்தான். பெட்டிக்குள் இருந்த ரேட்தான் வேறு. டின் பீன்ஸ் இருந்தவரை விளையாட்டு, தங்கம் வந்ததும் முதலீடு! ரிஸ்க், ரிட்டர்ன் என்று நாங்கள் வகுப்பில் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம் கொங்கு மண்ணில் நிஜப் புதையலுக்கும் பஞ்சமில்லை. நொய்யல் கரையில் வெள்ளலூரில் 1842-ல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் 522 கிடைத்தன. உங்களுக்கும் அப்படி ஏதாவது கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடாதீர்கள். 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய்தான் :)

நம் ஊரில் விளையாட

பல்லடம் பக்கம் காடு எங்கே இருக்கிறது, தறியும் கோழிப்பண்ணையும்தானே என்பீர்கள். 'காட்டுக்குப் போறேனுங்க' என்றால் நம் ஊரில் தோட்டத்துக்குப் போகிறேன் என்றுதானே அர்த்தம்! ஒரு தென்னந்தோப்பு, ஒரு குளக்கரை போதும். கூழாங்கல் பத்து, குச்சி நாலு, புளியமரம் வேப்பமரத்தை வைத்து விடுகதை ஐந்து. சின்னக் குழந்தைகளுக்கு எண்ணும் புதிர், பெரியவர்களுக்குத் திசைப் புதிர், பாட்டிக்கு விடுகதை. கடைசியில் ஒரு டப்பா கடலை மிட்டாய்.

உண்மையான காட்டுக்கே போக வேண்டும் என்றால் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனைமலையில் யானைகளைப் பார்த்துக்கொள்ளும் மலசர் மக்கள், மலை முழுக்கப் பழகிய காடர் மக்கள்... இவர்களுக்குத் தடம் பார்ப்பது விளையாட்டு அல்ல, பிழைப்பு. பேடன் பவல் புத்தகம் போட்டுச் சொன்னதை இவர்கள் புத்தகம் இல்லாமலே அறிந்தவர்கள். அவர்களோடு ஒரு நாள் நடந்தால், இலை மடங்கியிருப்பதுகூட ஒரு புதிர் என்று தெரியும். அங்கே மரத்தில் கீறிக் குறி வைப்பது, பிளாஸ்டிக் சீட்டு கட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

பேடன் பவல் 1941 ஜனவரி 8 அன்று கென்யாவில் இறந்தார். நியேரி என்ற ஊரில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி செதுக்கியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். உலகத்தின் எந்த மூலையில் இருந்து வரும் சாரணப் பிள்ளையும் மொழி தெரியாமலே அதைப் படித்துவிடும். யாருக்குப் படிக்கச் சொல்லித் தர மாட்டோம் என்றார்களோ, அந்தப் பையன்களின் பேரப்பிள்ளைகளும்தான்.

அடுத்த லீவுக்கு வீட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தோப்புக்குப் போய், கல்லை அடுக்கிப் பாருங்கள். உங்கள் பாட்டி சொன்ன நல்ல விடுகதை ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். கடைசிப் புதிருக்கு ஒன்று குறைகிறது.