தொலைமருத்துவமும் சட்டமும்

நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வதும், அஃது இயலாதவிடத்து மருத்துவரே நோயாளியின் இல்லம் நாடி வருவதும் உலகெங்கும் தொன்றுதொட்டு நிலவிவந்த வழக்கமாகும். இருவரும் இருந்தவிடத்திலிருந்தே ஒருவரையொருவர் காணவும் உரையாடவும் கருவிகள் தோன்றிய பின்னரும், அவற்றிற்குச் சட்டம் முழுமையாக வழிவிட நெடுங்காலம் பிடித்தது. இதற்கு அமெரிக்க நாட்டின் வரலாறு தக்க சான்றாகும்.

1964ஆம் ஆண்டிலேயே நெப்ராஸ்கா மாநிலத்து மனநல மருத்துவர்கள், 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனை நோயாளிகளைத் தொலைக்காட்சி இணைப்பின்வழிக் கண்டனர். 1968இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, லோகன் விமான நிலையத்து மருத்துவக் கூடத்தோடு அத்தகைய இணைப்பை ஏற்படுத்தியது. விமான நிலையத்தில் செவிலியர் உடனிருக்க, மருத்துவர் நகரிலிருந்தே நோயாளியை ஆய்ந்தார்.

தடை, கட்டணத்தின் வடிவில் வந்தது. 65 வயது எய்தியோர்க்கென 1965இல் அமெரிக்க அரசு தோற்றுவித்த மருத்துவக் காப்புறுதித் திட்டம் மெடிகேர் ஆகும். உடற்குறையுற்றோரும் பின்னர் இதனுள் சேர்க்கப்பட்டனர். தொலைமருத்துவத்திற்குப் பணம் வழங்க இத்திட்டம் இசைந்தது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். (அதே ஆண்டில் நம் மலேசிய நாடாளுமன்றமும் தொலைமருத்துவச் சட்டமொன்றை இயற்றியது, அது நடைமுறைக்கு வராமல் ஏட்டளவிலேயே நெடுங்காலம் கிடந்தது.) 2000ஆம் ஆண்டுச் சட்டம் விதிகளைச் சற்றுத் தளர்த்தியது. ஆயினும், நோயாளி நாட்டுப்புறத்தில் இருத்தல் வேண்டும். அங்கும் தம் வீட்டிலிருந்து பேசலாகாது, ஒரு மருத்துவ நிலையத்திற்குச் சென்று அமர்ந்தே தொலைவிலுள்ள மருத்துவரைக் காணவேண்டும் என்னும் நிபந்தனை நீடித்தது. எழுந்து நடக்கவியலாத முதியவர், தொலைமருத்துவம் பெறுவதற்கும் வண்டியேறிப் பயணம் செய்யவேண்டியிருந்தது! இதனை விந்தை என்பதா, வேதனை என்பதா?

சட்டம் இயற்றியோரை முற்றாகக் குறைகூறுவதும் நேர்மையன்று. செலவு பெருகும், பொய்க்கணக்கு மலியும் என அவர்கள் அஞ்சினர். இணையத்தின்வழி வாங்கிய வலிநீக்கி மாத்திரைகளால் 2001இல் மாண்ட ரையன் ஹெயிட் என்னும் 18 வயது இளைஞனின் பெயரால் 2008இல் ஒரு சட்டம் எழுந்தது. போதைக்கு அடிமையாக்கக்கூடிய மருந்துகளை இணையத்தின்வழி எழுதித் தருமுன், மருத்துவர் பொதுவாக ஒருமுறையேனும் நோயாளியை நேரிற் காணவேண்டும் என அது விதித்தது.

இந்நிலையில் கோவிட்-19 பெருந்தொற்று மூண்டது. 2020 ஜனவரி 31ஆம் நாள் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் பழைய தடைகள் விலகின. நகரத்தாரும் தம் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணலாயினர். படக்கருவி இல்லாத முதியோர் பல தேவைகளுக்கு வெறுந்தொலைபேசியிற் பேசினாலே போதும் என்றாயிற்று. போதை மருந்து விதியும் தளர்ந்தது. 2019இல் ஏறக்குறைய 840,000 ஆக இருந்த மெடிகேர் தொலைமருத்துவச் சந்திப்புகள் 2020இல் 52.7 மில்லியனை எட்டின.

நெருக்கடி 2023 மே 11ஆம் நாள் முடிவுற்றது. மனநல மருத்துவத்தை வீட்டிலிருந்தே பெறும் உரிமையை 2020 டிசம்பர்ச் சட்டம் நிலையாக்கியிருந்தது. ஏனைய சலுகைகளிற் பலவற்றுக்குத் தவணையே கிட்டியது. முதலில் 2024 இறுதிவரை என்றனர். பின்பு 2025 மார்ச் 31 என்றனர். அதன்பின் செப்டம்பர் 30 என்றனர். தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் வீடு கட்டி, அதனை ஆண்டுதோறும் புதுப்பித்து வாழ்வோரின் மனநிலையை நம் நாட்டார் நன்கறிவர். அமெரிக்க மருத்துவரும் நோயாளியும் அந்நிலையிலேயே நின்றனர்.

2025 அக்டோபர் 1ஆம் நாள், நிதி ஒதுக்கீட்டில் உடன்பாடு எட்டப்படாமையால் அரசு அலுவல்கள் முடங்கின. தவணையும் அன்றே தீர்ந்திருந்தது. பழைய நிபந்தனைகள் மீண்டும் உயிர்பெற்றன. பணம் கிடைக்குமோ கிடைக்காதோ எனத் தெரியாமல், மருத்துவர் சிலர் சந்திப்புகளை நிறுத்தினர். சிலர் துணிந்து தொடர்ந்தனர். நவம்பர் 12ஆம் நாள் கையொப்பமான சட்டம், சலுகைகள் அக்டோபர் 1 முதலே செல்லும் என வகுத்தது. துணிந்து தொடர்ந்தோர்க்கு அதனால் கட்டணம் பெற வழி பிறந்தது. நிறுத்தப்பட்ட சந்திப்புகளுக்காகக் காத்திருந்த முதியோரோ மீண்டும் நாள் கேட்டுப் பதியவேண்டியவராயினர். அச்சட்டம் குறித்த புதிய தவணை 2026 ஜனவரி 30. அதாவது, பதினொரு வாரமே.