புறப்படும் முன்னரே கொண்டாடிய வெற்றி

உதைபந்தாட்ட இரசிகர்களின் நம்பிக்கை சான்றுகளைத் தேடுவதில்லை. 1978ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்தது இதற்கு நல்ல உதாரணம்.

அவ்வாண்டு ஆர்ஜென்டீனாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை. பிரித்தானியாவிலிருந்து சென்ற ஒரே அணி ஸ்கொட்லாந்து. பலம் வாய்ந்த அயலவன் வீட்டில் முடங்கியிருக்க, தாம் மட்டும் பயணப்படும் பெருமிதம் மக்களைப் பற்றிக்கொண்டது. பதக்கத்துடன் திரும்புவோம் என்றே பயிற்றுவிப்பாளர் அலி மக்லியொட் பேசிவந்தார். அணியைப் போற்றிய பாடலொன்று பிரித்தானிய இசைத் தரவரிசையில் 6ஆம் இடத்தை எட்டியது.

களநிலைமையோ வேறு. மே மாதத்தில் வட அயர்லாந்துடனும் வேல்ஸுடனும் சமநிலை, இங்கிலாந்திடம் தோல்வி. அவ்வாறிருந்தும், மே 25 அன்று கிளாஸ்கோவின் ஹம்டன் பார்க் மைதானத்தில் 20,000இற்கும் அதிகமானோர் திரண்டு, திறந்த பஸ்ஸில் வலம்வந்த வீரர்களை வழியனுப்பினர்.

ஜூன் 3இல் பெருவுக்கு எதிராக ஸ்கொட்லாந்தே முதல் கோலைப் போட்டது. ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கிடைத்த தண்ட உதை வீணாயிற்று. பெருவின் கியூபில்லாஸ் இரு கோல்கள் போட, 3-1 எனத் தோல்வி. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய வில்லி ஜோன்ஸ்டன் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஈரானுடனான ஆட்டம் 1-1 என முடிந்தது.

இறுதியில், பின்னர் இறுதியாட்டம் வரை சென்ற நெதர்லாந்தை ஸ்கொட்லாந்து 3-2 என வென்றது. ஆர்ச்சி கெமில் போட்ட கோல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால், மூன்று கோல் வித்தியாசம் தேவைப்பட்டதால் அணி வெளியேறியது.

செப்டெம்பரில் மக்லியொட் பதவி விலகினார். அவரது வார்த்தைகளைத் தலைப்புச் செய்திகளாக்கி விற்ற பத்திரிகைகளே பின்னர் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. அந்தப் பழியில் எமது தொழிலுக்கும் பங்குண்டு.