ஓடை மணலில் ஒரு சதுரக் காசு



சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சார், அண்ணன் ஒரு மிஷின் வாங்கியிருக்காங்க. மண்ணுக்குள்ளே கிடக்கிற இரும்பு, செம்பு எல்லாத்தையும் காட்டிக் கொடுக்குமாம். பழைய லயத்து ஓடைக்குப் போறோம், நீங்களும் வாங்க சார்" என்றான். போனேன். பயிற்சிக் கல்லூரியில் வரலாறு படித்தவன்தான். ஆனால் வரலாற்றைத் தேடி முழங்கால் தண்ணீரில் இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

அந்த ஓடையை உங்களில் பலருக்குத் தெரியும். லயங்கள் இடிக்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாட்டிமார் துணி துவைத்த கல் மட்டும் இன்னும் கிடக்கிறது. மிஷின் கூவிய இடமெல்லாம் தோண்டினோம். பாட்டில் மூடிகள், துருப்பிடித்த மத்தி மீன் டின், பால் வடிய மரத்தில் குத்தி வைக்கும் சிறு தகடுகள் ஏழெட்டு. பையன்கள் முகம் வாடிப் போயிற்று. எனக்கு அந்தத் தகடுகளே போதும் என்றிருந்தது, அது வேறு விஷயம்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. அடியில் உள்ள கம்பிச் சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் எழும்பித் திரும்பக் குரல் கொடுக்கும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடம்பில் புதைந்த குண்டைக் கண்டுபிடிக்கத் தொலைபேசி தந்த கிரகாம் பெல் இதுபோன்ற கருவியைத்தான் கொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பார்கள். இரும்புச் சத்து மிகுந்த மண்ணிலும் கருவி இப்படித்தான் வீணாகக் கூவும்.

சாயங்காலம் ஆகும்போது ஒரு காசு வந்தது. நான்கு மூலையும் மழுங்கிய சதுரக் காசு. தேய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் மலாயா, ஒரு சென், 1941. உடம்பு சிலிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கையில். அப்புறம் வாழைமரப் படம் போட்ட நோட்டுதான் பணம். நம் தோட்டத்து ஆண்கள் எத்தனையோ பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. இந்த ஒரு சென்னை ஓடையில் தவற விட்டவர் யாரோ?

"எந்த இடத்தில் எடுத்தாய்?" என்று கேட்டேன். பையன் விழித்தான். காலையிலிருந்து கிடைத்ததை எல்லாம் ஒரே பையில் போட்டு வந்திருக்கிறான். துவைக்கும் கல்லுக்குப் பக்கமா, பாலத்துக்கு அடியிலா, கோயில் திருப்பத்திலா? சொல்ல முடியவில்லை. கோயில் திருப்பம் என்றால் அது காணிக்கைக் காசாகவும் இருக்கலாம். கல்லருகே என்றால் யாரோ ஒரு அம்மாவின் முந்தானை முடிச்சு அவிழ்ந்திருக்கலாம். பையன்மேல் குற்றமில்லை, போகும்போதே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நம் பேராக்கில் இது புதிய கதை அல்ல. ஈயத் தாது மற்ற மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். வெள்ளம் லேசான மண்ணை அடித்துக்கொண்டு போகும். கனமானது அடியில் தங்கும். டூலாங் தட்டில் மண்ணை அலசிய பெண்கள் நம்பியதும் இந்தக் கனத்தைத்தான். அப்படி ஈயம் தேடியவர்களுக்குச் சில வேளை வேறு பொருள்களும் அகப்பட்டன. 1936இல் பீடோரில் ஈயச் சுரங்கம் ஒன்றில், எட்டுக் கைகளோடு நிற்கும் அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. உயரம் 79 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது எனக் கருதுகிறார்கள். கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஈப்போ அருகே பெங்காலானிலும், தஞ்சோங் ரம்புத்தானிலும், சுங்கை சிப்புட்டிலும் பழைய வெண்கலப் படிமங்கள் கிடைத்துள்ளன. எல்லாம் தற்செயல்தான். சுற்றிலும் என்ன இருந்தது, கோயிலா, வீடா, கவிழ்ந்த படகா என்று பார்க்க அங்கே ஆளில்லை. நம் தாத்தாமார் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கிந்தா மண்ணுக்குப் புத்தரைக் கும்பிட்டவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. சேரரின் தலைநகர் வஞ்சி என்று பல அறிஞர் சொல்லும் கரூரில், அமராவதி ஆற்று மணலிலிருந்து பழங்காசுகள் நிறையக் கிடைத்தன. ரோமானியக் காசுகளோடு, 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று பழைய தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் காசுகளும் வந்தன. அவற்றில் பல வியாபாரிகள் கை மாறித்தான் அறிஞரிடம் சேர்ந்தன. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சங்க காலக் காசுகளைத் தேடித் திரட்டி, 1997இல் ஆங்கிலத்தில் நூலாகவே தந்தார். அவர் போன்றோர் இல்லையென்றால் எத்தனை சேர மன்னர்கள் பித்தளைப் பாத்திரமாக உருகியிருப்பார்களோ! ஆனாலும் மண் அடுக்கு தெரியாததால் அந்தக் காசுகளின் காலத்தை எழுத்தின் வடிவத்தையும் பிறவற்றையும் கொண்டே வாதாட வேண்டியிருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் முறையாக அகழ்ந்தார்கள். அங்கே ஒரு மணி கிடைத்தாலும் எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று எழுதி வைப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு விஷயம். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் எனத் தோன்றும் எது கிடைத்தாலும் உடனே மாவட்ட அதிகாரியிடமாவது மரபுடைமைத் துறையிடமாவது தெரிவிக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போகக் கூடாது. கம்பார்ப் பக்கம் 1941 கடைசியில் தொடங்கிப் புத்தாண்டு வரை கடும் சண்டை நடந்தது. குண்டு போலத் தெரிந்தால் பிள்ளைகள் தொடவே வேண்டாம், போலீசுக்குச் சொல்லுங்கள்.

அந்தக் காசு இப்போது நம் பள்ளி நூலகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை எழுதி வைத்தேன். பொருள்: ஒரு சென். ஆண்டு: 1941. கிடைத்த இடம் என்ற வரி காலியாகக் கிடக்கிறது. போன வாரம் அதே பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். ஓடையின் ஒவ்வொரு திருப்பத்தையும் படம் வரைந்து, துவைக்கும் கல்லுக்கு ஒன்றாம் எண் போட்டிருந்தான். "அடுத்த லீவுக்கு வாங்க சார்" என்றான்.