அமெரிக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் மீத்திறன் குழந்தைகளின் கல்வி

அமெரிக்காவில் அரசுத் தொடக்கப்பள்ளி என்பது பெரும்பாலும் கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஐந்து வயதில் சேரும் குழந்தை பத்து, பதினொரு வயதில் அங்கிருந்து வெளியேறும். வகுப்பில் மற்றவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும் பாடத்தை இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிடும் குழந்தைக்கு, மீதி நாள்களில் அந்தப் பள்ளி என்ன கொடுக்கிறது என்பதே மீத்திறன் கல்வியின் அடிப்படைக் கேள்வி. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி, தனியார் பள்ளி, கோடை முகாம் என்று வேறு வழிகள் உண்டு. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அந்த அரசுப் பள்ளியும் அங்குள்ள ஆசிரியரின் கண்ணும்தான் கதி. எந்தக் குழந்தை அந்தக் கண்ணில் பட்டது, எது படவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மீத்திறனையும் முதல் மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பாடத்தில் முந்தி நிற்கும் குழந்தைக்குக் கையெழுத்து கோணலாக இருக்கலாம். நான்காம் வகுப்புப் புத்தகத்தைத் தானே வாசிக்கும் ஆறு வயதுப் பிள்ளை, விளையாட்டில் தோற்றால் தரையில் புரண்டு அழலாம். அறிவும் உணர்வும் உடலும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதை ஆய்வாளர்கள் ‘சீரற்ற வளர்ச்சி’ என்பார்கள். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட மார்லண்ட் அறிக்கை, பொது அறிவாற்றலோடு தனிப்பாடத் திறன், படைப்புச் சிந்தனை, தலைமைப் பண்பு, கலைத்திறன், உடலியக்கத் திறன் ஆகியவற்றையும் மீத்திறனில் சேர்த்தது. 1978இல் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி வேறு கோணத்தில் பார்த்தார். சராசரியைவிட உயர்ந்த திறன், எடுத்த வேலையில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு, படைப்பூக்கம் ஆகிய மூன்று வளையங்களும் கூடும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார் அவர். பல கல்வி மாவட்டங்கள் இந்த விரிந்த பொருளை ஏட்டில் ஏற்றாலும், நடைமுறையில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 130 என்ற எண்ணுக்கே திரும்பிவிடுகின்றன.

தொடக்க காலம்

1860களின் இறுதியில் செயின்ட் லூயிஸ் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் டோரி ஹாரிஸ், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வகுப்பு மாற்றும் வழக்கத்தைத் தளர்த்தினார். வேகமாகக் கற்கும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே அடுத்த நிலைக்குப் போக முடிந்தது. 1916இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் ஸ்டான்போர்டு-பினே நுண்ணறிவுத் தேர்வை வெளியிட்ட பிறகு மீத்திறன் குழந்தைகளைத் தேடும் முறையே மாறியது. 1921இல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் சுமார் 1,500 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஆசிரியர்கள் தம் வகுப்பின் மிக அறிவுள்ள பிள்ளைகளையும், வயதில் மிகச் சிறிய பிள்ளையையும் குறித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியர் ‘மிக அறிவாளி’ என்று சொன்ன பிள்ளையைக் காட்டிலும், வருகைப் பதிவேட்டில் வயது குறைந்த பிள்ளையே தேர்வில் அதிகம் தேறியது. அடுத்த நூறாண்டுக்கும் பொருந்தும் எச்சரிக்கை அது. தேர்வும் குற்றமற்றதாக இல்லை. டெர்மனின் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமல் விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்ற இருவர் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். டெர்மன் இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளராகவும் இருந்தார். அந்தக் கறை இத்துறையின் மீது நீண்ட காலம் படிந்திருந்தது; இன்றைய விவாதங்களிலும் அதன் நிழல் தெரிகிறது.

அறிவு இனத்துக்கு இனம் மாறும் என்ற அந்தக் கொள்கையின் எண்ணத்துக்குச் சிகாகோவின் பள்ளிகளிலிருந்தே ஒரு மறுப்பு வந்தது. மார்ட்டின் ஜென்கின்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், பால் விட்டியுடன் சேர்ந்து அங்குள்ள கறுப்பினப் பிள்ளைகளிடையே மீத்திறன் குழந்தைகளைத் தேடினார். 1935இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. ஸ்டான்போர்டு-பினே தேர்வில் அவளுடைய ஈவு 200. தேடினால் எல்லா மக்களிடமும் இப்படிப்பட்ட குழந்தைகள் கிடைப்பார்கள் என்பதற்கு அவள் சான்றானாள்.

ஸ்பேயர் பள்ளி

அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மீத்திறன் கல்வியை முழு மனத்தோடு செய்து பார்த்தவர் லெட்டா ஹாலிங்வொர்த். நெப்ராஸ்காவில் 1886இல் பிறந்து, நியூயார்க்கில் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியரான உளவியலாளர். 1922 முதல் மன்ஹாட்டனின் 165ஆம் எண் அரசுப் பள்ளியில் தனி வகுப்புகள் வைத்து ஆராய்ந்தார். 1936இல் நகரக் கல்வி வாரியமும் ஆசிரியர் கல்லூரியும் சேர்ந்து 500ஆம் எண் அரசுப் பள்ளியை, அதாவது ஸ்பேயர் பள்ளியை, ஐந்தாண்டுப் பரிசோதனைக்காகத் திறந்தன. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு ஏழு வகுப்புகள், வேகமாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு. இருவகைப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அந்த முடிவைப் பலர் கவனிப்பதில்லை. சராசரிக்கென்று தைத்த சட்டை இரு பக்கமும் பொருந்துவதில்லை என்பது அவர் கண்ட உண்மை.

ஈவு 140 உள்ள பிள்ளை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தை வீணாக்குகிறது, 170 உள்ள பிள்ளை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணாக்குகிறது என்று அவர் கணித்தார். அதனால் ஸ்பேயரில் வழக்கமான பாடத்திட்டத்துக்குப் பாதிப் பொழுதே ஒதுக்கப்பட்டது. மீதிப் பொழுதில் ‘அன்றாடப் பொருள்களின் வளர்ச்சி’ என்ற பாடம் நடந்தது. உணவு, உடை, வீடு, போக்குவரத்து, கருவிகள், நேரம் காட்டும் பொறிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின என்று பிள்ளைகளே தேடிப் படித்துப் பேசினார்கள். பெரியோர் வாழ்க்கை வரலாறும் பிரெஞ்சு மொழியும் இருந்தன. மற்றவர்களிடம் பொறுமையோடு பழகுவது எப்படி என்பதையும் ஹாலிங்வொர்த் பாடமாகவே கருதினார். வேகமாகச் சிந்திக்கும் குழந்தை தனிமையில் கசந்துபோவதை அவர் நேரில் கண்டிருந்தார். 1939 நவம்பரில் அவர் இறந்தார். பரிசோதனை 1941இல் முடிந்தது. நுண்ணறிவு ஈவு 180க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய அவருடைய நூல் 1942இல் வெளிவந்தது.

சட்டமும் பணமும்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா திடுக்கிட்டு, அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கணிதமும் அறிவியலும் வளர்ந்தன. ஆனால் கவனம் மேல்வகுப்புகளின் மீதே இருந்தது. மேலே சொன்ன மார்லண்ட் அறிக்கையில் மனத்தை உறுத்தும் ஓர் எண் இருக்கிறது. கருத்துக் கேட்கப்பட்ட பள்ளிகளில் 57.5 விழுக்காடு, தம்மிடம் மீத்திறன் குழந்தை ஒன்றுகூட இல்லை என்று பதில் சொல்லியிருந்தன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒருவரும் இல்லை என்றால், தேடவில்லை என்றுதான் பொருள்.

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியுரிமையை 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உறுதிசெய்தது. மீத்திறன் குழந்தைகளுக்கு அப்படியொரு கூட்டாட்சிச் சட்டம் இன்றும் இல்லை. செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் பெயரில் 1988இல் வந்த சட்டம் ஆய்வுக்கும் முன்மாதிரித் திட்டங்களுக்கும் சிறு தொகை ஒதுக்குகிறது; எந்தப் பள்ளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே எல்லாம் மாநிலத்தைப் பொறுத்தது. பென்சில்வேனியாவில் மீத்திறன் குழந்தை ஒவ்வொருவருக்கும் எழுத்துவடிவில் தனிக் கல்வித் திட்டம் வகுக்க வேண்டும். வேறு சில மாநிலங்கள் கண்டறியச் சொல்கின்றன, பணம் தருவதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒரே திறனுள்ள இரண்டு குழந்தைகளின் பள்ளி வாழ்க்கை வேறாக அமைவதற்கு இதுவே காரணம்.

கண்டறிதல்: பிரோவர்ட் மாவட்டம்

பெரும்பாலான இடங்களில் வகுப்பாசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் குழந்தைக்குத் தேர்வு நடக்கும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளை முன்னே போகும். தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டித் தேர்வெழுதிச் சான்று வாங்கி வருவோரும் உண்டு. ஃபுளோரிடாவின் பிரோவர்ட் கல்வி மாவட்டம் நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்று. அங்கும் இப்படித்தான் இருந்தது. 2005இல் அது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் நாக்லியெரி சொல்லில்லாத் தேர்வை வைத்தது. வடிவங்களையும் அவற்றின் ஒழுங்கையும் பார்த்து விடை சொல்லும் தேர்வு அது. வீட்டில் ஸ்பானிஷ் அல்லது தமிழ் பேசி, ஆங்கிலத்தை இனிமேல்தான் கற்க வேண்டிய பிள்ளையையும் அது பின்தள்ளாது. அதில் தேறியவர்களைப் பள்ளி உளவியலாளர் முழுமையாகச் சோதித்தார்.

டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதன் விளைவை அளந்தார்கள். ஹிஸ்பானியப் பிள்ளைகளில் மீத்திறன் பட்டியலில் இடம்பெற்றவர்களின் பங்கு 2 விழுக்காட்டிலிருந்து 6 ஆனது. கறுப்பினப் பிள்ளைகளில் அது 1லிருந்து 3 ஆனது. வெள்ளையினப் பிள்ளைகளில் 6லிருந்து 8 ஆனது. புதிதாகக் கிடைத்தவர்கள் எங்கிருந்தோ வந்து குதித்தவர்கள் அல்லர். அதே வகுப்புகளில் அதே இருக்கைகளில் முன்பும் உட்கார்ந்திருந்தவர்கள். பின்னர் பொருளாதார நெருக்கடியில் நிதி குறைந்தபோது அனைவருக்குமான தேர்வு கைவிடப்பட்டது. கிடைத்த பலனும் கரைந்துபோனது.

ஆசிரியர் பார்வையின் எல்லையை 2016இல் ஜேசன் கிரிசம், கிறிஸ்டோபர் ரெடிங் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வும் காட்டியது. சமமான மதிப்பெண் எடுத்தாலும் கறுப்பினப் பிள்ளை மீத்திறன் திட்டத்தில் சேரும் வாய்ப்பு குறைவு; ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருக்கும் வகுப்புகளில் அந்த இடைவெளி பெரிதும் மறைந்தது.

எளிதில் தவறிப்போகும் இன்னொரு கூட்டம், மீத்திறனோடு கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைகள். எழுத்துகளை வாசிக்கத் திணறும் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தை, கேட்டதை வைத்தே சமாளித்துவிடும். குறை திறனை மறைக்கும், திறன் குறையை மறைக்கும், மதிப்பெண்ணோ சராசரியாக வரும். இரண்டு உதவியும் தேவைப்படும் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது.

வகுப்பறையில்

1993இல் வெளியான ஓர் ஆய்வில் 46 மூன்றாம், நான்காம் வகுப்புகளை நேரில் கவனித்தார்கள். 84 விழுக்காட்டுச் செயல்பாடுகளில் மீத்திறன் பிள்ளைக்கு வேறுபட்ட வேலை எதுவும் தரப்படவில்லை. வேறு வேலை தர முயலும் இடங்களிலும் இரண்டு பழக்கங்கள் தொற்றிக்கொள்கின்றன. இருபது கணக்கை முடித்தவருக்கு அதே போன்ற இன்னும் இருபது கணக்கு கொடுப்பது ஒன்று. பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு என்று நிரந்தரமாக உதவியாசிரியர் ஆக்கிவிடுவது மற்றொன்று. முதல் பழக்கம், சீக்கிரம் முடித்தால் தண்டனை என்ற பாடத்தைத்தான் கற்றுத்தருகிறது.

இதற்கு எளிய மாற்றைக் கல்வியாளர் சூசன் வைன்பிரென்னர் பரவலாக்கினார். பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளைப் பிள்ளை முதலில் போட்டுக் காட்டட்டும். சரியாக இருந்தால் மற்றவற்றிலிருந்து விடுதலை. ரென்சுல்லியின் ‘பாடச் சுருக்கம்’ இதன் விரிந்த வடிவம்: முன்தேர்வு வைத்து, தெரிந்த பகுதியை நீக்கி, மிச்சமாகும் நேரத்தைப் பிள்ளை விரும்பும் ஆய்வுக்குக் கொடுப்பது. பாடத்தில் 40 முதல் 50 விழுக்காட்டை நீக்கிப் பார்த்தபோதும் அப்பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

நிர்வாக ஏற்பாடுகள் பலவகை. வாரத்தில் ஒரு நாளோ சில மணி நேரமோ பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்துத் தனி ஆசிரியரிடம் அனுப்புவது மிகப் பரவலானது. ஆனால் குழந்தை வாரம் முழுவதும் வேகமாகத்தான் சிந்திக்கிறது. ‘கொத்து முறை’ இதைவிடப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஒரே வகுப்பு நிலையில் உள்ள நான்கு முதல் எட்டு மீத்திறன் பிள்ளைகளை, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரின் வகுப்பில் மற்றவர்களோடு சேர்த்து அமர்த்துவார்கள். வேறு பள்ளிக்குப் பேருந்து வேண்டாம், தனி அறை வேண்டாம். மார்சியா ஜென்ட்ரியின் ஆய்வில் இம்முறையைப் பின்பற்றிய பள்ளியில் எதிர்பாராத ஒன்று நடந்தது: உயர்நிலையில் தேறியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. எப்போதும் முதலில் கை தூக்கும் பிள்ளை பக்கத்து அறைக்குப் போனதும், இங்கே அதுவரை வாய் திறக்காதவர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

நம்மூரில் ‘டபுள் புரமோஷன்’ என்று சொல்லப்படும் வகுப்புத் தாண்டலைக் கண்டு அமெரிக்கப் பள்ளிகள் இன்னும் அஞ்சுகின்றன. பிள்ளை நட்பில்லாமல் தவிக்கும் என்பதே வழக்கமான காரணம். அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004இல் வெளிவந்த பேரறிக்கை, பல பதிற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, கவனமாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு இது படிப்பில் நன்மையே செய்கிறது, உறவில் கேடு செய்வதில்லை என்று காட்டியது. முடிவெடுக்க உதவும் அயோவா அளவுகோல் வீட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது: பிள்ளைக்கு விருப்பமில்லை என்றாலோ, போகப்போகும் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தாலோ தாண்டல் கூடாது. முழு வகுப்பையும் தாண்டாமல், கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் போய் உட்காரும் ஏற்பாடும் உண்டு.

பலன் பற்றிய விவாதம்

நாடு முழுவதற்குமான தரவை ஆராய்ந்து 2021இல் ரெடிங்கும் கிரிசமும் வெளியிட்ட முடிவு, திட்டங்களில் சேர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண் உயர்வு மிகச் சிறியது என்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. நியூயார்க்கில் நான்கு வயதில் ஒரே தேர்வால் பிள்ளைகளைப் பிரித்த முறை கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 2021இல் முன்பள்ளி ஆசிரியர்களின் பரிந்துரை முறையாக மாறியது. ஆசிரியர் பரிந்துரையின் குறைகளை மேலே பார்த்தோம்.

பிரோவர்டில் இன்னொரு விதியும் இருந்தது. ஒரு வகுப்பு நிலையில் ஒரே ஒரு மீத்திறன் பிள்ளை இருந்தாலும் தனி வகுப்பு அமைக்க வேண்டும். காலி இடங்களை முந்தைய ஆண்டு நன்றாக மதிப்பெண் எடுத்த மற்றப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். நான்காம் வகுப்பில் கார்டும் ஜூலியானோவும் கணக்கிட்டபோது, ஈவு 130ஐத் தாண்டி நுழைந்தவர்களின் மதிப்பெண்ணில் மாற்றம் காணப்படவில்லை. ஈவின் எல்லையைத் தொடாமல், மதிப்பெண்ணின் பலத்தால் காலி இடங்களில் அமர்ந்த கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள்தான் வாசிப்பிலும் கணக்கிலும் வேகமாக முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் ஆறாம் வகுப்பு வரையாவது நிலைத்தது. வெளியே வழக்கமான வகுப்புகளில் இருந்த பிள்ளைகளுக்கு அதனால் இழப்பு எதுவும் தெரியவில்லை.