இடம் மாறிய மாடம்

சரித்திரச் சின்னம் என்றதும் நம் மனம் கல்லைத்தான் தேடுகிறது. "அந்தக் காலத்துக் கல்தானே இது?" என்று தொட்டுப் பார்த்துக் கேட்கிறோம். இல்லையென்று தெரிந்தால் யாரோ நம்மை ஏமாற்றிவிட்டதாக எண்ணுகிறோம். இந்த அளவுகோலோடு சீன தேசத்து வூஹான் நகருக்குப் போகிறவர்கள் முதல் படியிலேயே திரும்பிவிட வேண்டியதுதான். அங்கே பாம்புக் குன்றின் மேல் நிற்கும் மஞ்சள் நாரை மாடத்தில் பழைய கல்லும் இல்லை. பழைய மரமும் இல்லை. அது நிற்கும் இடம்கூடப் பழைய இடமில்லை!

ஆனாலும் அந்த மாடத்துக்கு 1,800 வயது என்று சீனர்கள் சொல்லுகிறார்கள். அது பொய்யும் அல்ல.

கி.பி. 223-ஆம் ஆண்டில் தொடங்குகிறது கதை. ஹான் சாம்ராஜ்யம் சிதறி, சீனம் மூன்று ராஜ்யங்களாகப் பிளந்து கிடந்த காலம் அது. வூ ராஜ்யத்தை ஆண்ட சுன் சுவான், யாங்சி நதியோடு ஹான் நதி வந்து கூடும் இடத்தில் ஒரு கோட்டை கட்டினான். ஆற்றை நோக்கி நீண்டிருந்த பாறையின் மேல் காவல் மாடம் ஒன்றும் எழுந்தது. எதிரியின் படகுகள் வருகின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த மாடம். கவிதைக்கு அங்கே வேலையே இல்லை.

ராஜ்யங்கள் மூன்றும் 280-ல் ஒரே குடையின் கீழ் வந்தன. காவல்காரன் நின்ற இடத்தில், காலப்போக்கில், பிரயாணிகள் வந்து நின்றார்கள். எட்டாம் நூற்றாண்டில், தாங் வம்சத்தின் பொற்காலத்தில், சுய் ஹாவ் என்ற கவிஞன் அங்கே ஏறினான். பிரிவையும் ஊர் ஏக்கத்தையும் எட்டே அடிகளில் பாடிவிட்டு இறங்கினான். மகாகவி லி பை அதைப் படித்துவிட்டு, இதற்குமேல் பாட ஒன்றுமில்லை என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டானாம். இது கதையாகவே இருக்கட்டும். தன் நண்பன் மங் ஹாவ்ரான் படகேறிப் போனதை இந்த மாடத்தின் பெயரோடு லி பை பாடி வைத்திருப்பது கதையல்ல.

மரத்தால் ஆன கட்டடத்துக்குத் தீயும் போரும் பகைவர்கள். எரிந்தது, கட்டினார்கள். இடிந்தது, மறுபடி கட்டினார்கள். 1868-ல் கட்டிய மாடம் பதினாறு ஆண்டுகளே நின்றது. 1884-ல் அதுவும் எரிந்து, உச்சியில் இருந்த செம்புக் கலசம் மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகு 101 ஆண்டுகள் மாடமே கிடையாது! 1911 அக்டோபர் 10-ல், மன்னராட்சிக்கு முடிவு கட்டிய புரட்சி அதே ஊரில் வெடித்தபோது அந்த மாடம் அங்கே இல்லை. 1927-ல் மா சே துங் 'மஞ்சள் நாரை மாடம்' என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை எழுதினார். அப்போதும் மாடம் இல்லை. கட்டடம் இல்லாத இடத்தில் பெயர் மட்டும் குடியிருந்தது. 1957-ல் யாங்சியின் மேல் முதல் பெரும் பாலம் வந்தபோது, பாலத்தின் கரைப் பகுதி பழைய மாடத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆகையால் 1981-ல் தொடங்கி 1985-ல் முடித்த புதிய மாடம் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி எழுந்தது. ஐந்து அடுக்கு, 51.4 மீட்டர் உயரம், உள்ளே கான்கிரீட்.

நான் அதில் ஏறியபோது, வம்சத்துக்கு ஒன்றாகச் செய்து வைத்திருந்த பழைய மாடங்களின் சிறு உருவங்களைப் பார்த்தேன். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவற்றில் எது அசல்? எந்த மாடத்தைப் போலச் செய்தால் இன்றைய மாடம் அசலாகும்?

மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பழுப்பு நிற யாங்சி. அதன்மேல் இரண்டடுக்குப் பாலம். மேலே மோட்டார்கள் ஊர, கீழ் அடுக்கில் ரயில் தடதடத்துக்கொண்டு போயிற்று. என் பக்கத்தில் ஒரு சிறுவன், பாட்டனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு, ராகம் போட்டு ஏதோ ஒப்பித்தான். நடுவில் தடுமாறினான். பாட்டனார் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். "சுய் ஹாவின் பாட்டு," என்றார் உடன் வந்த நண்பர்.

விடை அங்கே கிடைத்தது. படைவீரர்கள் காக்க முடியாத மாடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பாட்டு மனப்பாடமாக இருந்ததால்தான், நூறு ஆண்டு கழித்தும் மாடத்தைத் திரும்பக் கட்டவேண்டும் என்று ஒரு நகரத்துக்குத் தோன்றியது. கல் அப்படியே இருந்தும், அதன் கதையைச் சொல்ல ஒரு பாட்டனாரும், கேட்க ஒரு பேரனும் இல்லாத கட்டடங்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவை விழவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.